வேறு மதப் பிரசாரகர்கள் வாசலுக்கு வந்தால்: மணி அடித்ததிலிருந்து கதவை மூடும்வரை

ஒரு தடவை என் சொந்த வீட்டு பாத்ரூமில் கால் மணி நேரம் ஒளிந்திருக்கிறேன். வாசலில் நின்றது கடன்காரரும் இல்லை, போலீசும் இல்லை. தோளில் பையும் முகத்தில் சிரிப்புமாக இரண்டு பெண்கள். ஒருவருக்கு அறுபது வயது இருக்கும், இன்னொருத்தி கல்லூரி முடித்திருப்பாளா என்பதே சந்தேகம். தங்கள் மதத்தைப் பற்றிப் பேச வந்திருந்தார்கள், அது நான்காவது முறை. முதல் முறை வந்தபோது "இன்னைக்குக் கொஞ்சம் வேலை இருக்கு, இன்னொரு நாள் பார்க்கலாமே" என்று சொல்லி அனுப்பியது நான்தான். சொன்னபடியே இன்னொரு நாள் வந்தார்கள், அதில் அவர்கள் தப்பு என்ன? நான்காவது முறை மணி அடித்ததும் நான் உள்ளே ஓட, ஆறு வயது மகள் போய்க் கதவைத் திறந்து "அப்பா பாத்ரூமுல ஒளிஞ்சிருக்காரு" என்று கணீரென்று சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் இதை உட்கார்ந்து யோசித்தேன். நம்மில் பலருக்கு இங்கே மதத்தைவிட முகதாட்சண்யம்தான் பெரிய பிரச்சினை. முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்ல நாக்கு எழாது, அதனால் "அப்புறம் வாங்க" என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்தப் பொய் வட்டியோடு திரும்பி வரும். கீழே இருப்பதெல்லாம் அந்தப் பொய்யைச் சொல்லாமல் சமாளிக்கும் வழிகள்.

படி 1: வந்திருப்பது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வீடு வீடாகப் போவதையே அடையாளமாகக் கொண்டவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். இந்தப் பெயரை 1931-ல் ஏற்றுக்கொண்டார்கள், இயக்கத்தின் வேர் 1870-களின் அமெரிக்காவில் இருக்கிறது. பெரும்பாலும் இருவராக வருவார்கள், காவற்கோபுரம், விழித்தெழு! என்ற பத்திரிகைகளில் ஒன்றாவது பையில் இருக்கும், அல்லது டேப்லெட்டில் ஒரு வீடியோ காட்டுவார்கள். கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் வீட்டு வாசல் ஊழியத்தை நிறுத்தி, 2022 செப்டம்பரில் மறுபடி தொடங்கினார்கள். இவர்களுக்குச் சம்பளமோ கமிஷனோ கிடையாது, தங்கள் ஓய்வு நேரத்தில் வருகிறார்கள்.

இன்னொரு வகை, மார்மன்கள் என்று பரவலாக அழைக்கப்படும், அமெரிக்காவில் தோன்றிய இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினர். வெள்ளைச் சட்டை, பெயர்ப்பட்டை, கூடவே ஒரு கூட்டாளி. பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். ஆண்கள் 2 ஆண்டுகளும் பெண்கள் ஒன்றரை ஆண்டும் வீட்டை விட்டு வந்து, தங்கள் குடும்பக் காசிலோ சேமிப்பிலோ இதைச் செய்கிறார்கள். ஆண்களின் பெயர்ப்பட்டையில் 'எல்டர்' என்று போட்டிருக்கும், ஆங்கிலத்தில் மூத்தவர் என்று அர்த்தம், பார்த்தால் மீசை கூட ஒழுங்காக முளைத்திருக்காது.

இவை தவிர உள்ளூர்ச் சபைகளிலிருந்து குழுவாக வருபவர்கள், ஆன்மிகப் புத்தகம் கொடுத்துவிட்டு நன்கொடை கேட்பவர்கள் என்று பலர் உண்டு. இப்படி வாசலுக்கு வருபவர்கள் எல்லாருமே மற்ற மதத்தாரைத் தேடி வருபவர்கள் என்றும் சொல்ல முடியாது. தப்லீக் ஜமாஅத்தார் போய்த் தட்டுவது பெரும்பாலும் முஸ்லிம் வீடுகளைத்தான், தொழுகைக்கு வராமல் இருப்பவர்களை அழைப்பதற்காக.

எல்லாரையும் தனித்தனியாக அடையாளம் காண வேண்டிய அவசியம் இல்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஆர்வம் காட்டிய வீட்டுக்குத் திரும்பப் போவது இந்த வேலையின் ஒரு பகுதி. யெகோவாவின் சாட்சிகள் அதற்கு 'மறுசந்திப்பு' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நீங்கள் தட்டிக்கழிக்கச் சொல்லும் "பார்க்கலாம்" அவர்கள் குறிப்பேட்டில் ஆர்வம் என்று ஏறிவிடும்.

படி 2: கதவைத் திறப்பதா வேண்டாமா

மணி அடித்தால் திறந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உள்ளே இருந்தே "யாருங்க, என்ன விஷயம்?" என்று கேட்கலாம், பதிலைக் கேட்டு அங்கிருந்தே "வேண்டாங்க, நன்றி" என்று முடிக்கலாம். தனியாக இருக்கிறீர்கள், வயதானவர், கைக்குழந்தையோடு இருக்கிறீர்கள் என்றால் இதுவே சரியான வழி, மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்கமாட்டார்கள். மதப் பிரசாரகர் வேஷத்தில் வேறு நோக்கத்தோடு யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லவும் முடியாது.

திறந்தால் வாசல் நிலையிலேயே நில்லுங்கள். உட்காரச் சொன்னவரை எழுந்து போகச் சொல்வது, வாசலில் நிற்பவரை அனுப்புவதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். முகதாட்சண்யக்காரர்களுக்கு நூறு மடங்கு. போன் நம்பர், வீட்டில் எத்தனை பேர், எப்போது யார் இருப்பார்கள் என்ற விவரம் எதுவும் கொடுக்க வேண்டாம். கேட்கிற தொனி எவ்வளவு அன்பாக இருந்தாலும் சரி.

படி 3: முதல் அரை நிமிஷத்திலேயே பதில்

அவர்கள் வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, ஒரு கேள்வி கேட்பார்கள். "இந்த உலகத்துல ஏன் இவ்வளவு கஷ்டம்னு நீங்க யோசிச்சிருக்கீங்களா?" என்ற மாதிரி. யோசிக்காதவர் யார்? பதில் சொன்னால் பேச்சு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பேச விருப்பம் இல்லையென்றால் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு இப்படி ஏதாவது சொல்லுங்கள்:

"வந்ததுக்கு நன்றிங்க. எங்களுக்கு எங்க நம்பிக்கை இருக்கு, இதுல விருப்பம் இல்லை. மறுபடி வர வேண்டாம்."

மூன்று துண்டும் தேவை. நன்றி மட்டும் சொன்னால் உற்சாகமாகிவிடுவார்கள். "விருப்பம் இல்லை" மட்டும் சொன்னால் இன்றைக்கு இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். "மறுபடி வர வேண்டாம்" என்பதுதான் சொல்லக் கஷ்டமான துண்டு, அதுதான் வேலை செய்வதும். மத நம்பிக்கையே இல்லாதவர்கள் "எங்க நம்பிக்கை" என்ற பகுதியை விட்டுவிடலாம், பொய்யாக ஒரு மதத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சொன்ன பிறகு காரணத்தை விளக்காதீர்கள். ஒவ்வொரு காரணமும் ஒரு கைப்பிடி, அதைப் பிடித்து இழுக்க அவர்களுக்குப் பழக்கம் உண்டு.

வேலை செய்யாத பதில்களையும் சொல்லிவிடுகிறேன், எல்லாவற்றையும் நானே முயன்று பார்த்தாயிற்று. "வீட்டுல பெரியவங்க இல்லை" என்றால் எப்போது இருப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. "நேரம் இல்லை" என்றால் நேரம் இருக்கும் நாளில் வருவார்கள். "எல்லா சாமியும் ஒண்ணுதானேங்க" என்பது நமக்குப் பேச்சை முடிக்கும் வாக்கியம், அவர்களுக்கு அதுதான் தொடக்கம். ஏனென்றால் எல்லாம் ஒன்று இல்லை என்று சொல்லத்தான் அவர்கள் கிளம்பியே வந்திருக்கிறார்கள். கத்துவது, முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்துவது, அவர்கள் கடவுளைக் கிண்டல் செய்வது ஆகியவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு நாம் கொஞ்சம் சின்னவர்களாகிறோம், அவர்களுக்கோ நம்பிக்கைக்காக அவமானப்பட்டோம் என்று ஒரு பெருமை சேர்கிறது.

என் கதைக்கு வருகிறேன். மகள் காட்டிக்கொடுத்த பிறகு வெளியே வந்து, காதெல்லாம் சூடாக, மேலே சொன்ன வாக்கியத்தைக் கிட்டத்தட்ட அப்படியே சொன்னேன். பெரியவர் முகம் வாடும் என்று நினைத்தேன். அவரோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சின்ன நோட்டை எடுத்து, என் கதவு எண்ணுக்கு எதிரே ஏதோ குறித்துக்கொண்டார். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே தம்பி, எனக்கு முட்டி வலி" என்றார். தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தேன், குடித்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார்கள். அவ்வளவுதான்.

படி 4: "ஒரே ஒரு நிமிஷம்" என்றால்

சிலர் முதல் மறுப்பில் நகரமாட்டார்கள். புது வாதம் தேடாமல் அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். "புரியுதுங்க, ஆனா விருப்பம் இல்லை." மூன்றாவது முறை "நான் உள்ளே போறேங்க, வணக்கம்" என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்திவிடலாம். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சாத்துவதில் தப்பில்லை, மூன்று முறை சொல்லிவிட்டீர்களே.

குற்ற உணர்ச்சி வந்தால் ஒரு விஷயம். விலகிப்போவதற்கு அவர்கள் வேதமே இடம் கொடுக்கிறது. ஏற்றுக்கொள்ளாத வீட்டை விட்டுக் கால் தூசியை உதறிவிட்டுக் கிளம்புங்கள் என்று இயேசு சீடர்களிடம் சொன்னதாக மத்தேயு 10:14-ல் இருக்கிறது. மார்க்கத்தில் கட்டாயம் இல்லை என்கிறது குர்ஆன் 2:256. இதை அவர்களிடம் சொல்லி மடக்கப் பார்க்காதீர்கள், வசனப் போட்டியில் அவர்கள் கை ஓங்கிவிடும். நம் மனசு நிம்மதிக்காகத் தெரிந்துகொண்டால் போதும்.

படி 5: பேசத்தான் ஆசை என்றால்

எல்லாருக்கும் அனுப்பிவிடத்தான் ஆசை என்று இல்லை. எனக்கே சில நாள் பேசப் பிடிக்கும், வேறு நம்பிக்கையில் வாழும் ஒருவர் தானாக வந்து வாசலில் நின்று மனம் திறந்து பேசுவது தினமும் நடப்பதில்லையே. பேசுங்கள், ஆனால் முதலில் விதியைச் சொல்லிவிடுங்கள்: "பத்து நிமிஷம் பேசலாம். நான் மதம் மாறப் போறதில்லை, உங்களை மாத்தவும் போறதில்லை. சரின்னா பேசுவோம்." இதைக் கேட்டுச் சிலர் நாகரிகமாக விடைபெறுவார்கள், அதுவும் நல்லதுதான். நிற்பவர்களோடு பேச்சு நன்றாக இருக்கும்.

கொள்கையைக் கேட்பதைவிட ஆளைக் கேளுங்கள். "நீங்க எப்படி இதுக்குள்ள வந்தீங்க? வீட்டுல ஏத்துக்கிட்டாங்களா? வீடு வீடாப் போறது கஷ்டமா இல்லையா?" மனப்பாடம் செய்த பதில் இந்தக் கேள்விகளுக்குக் கிடையாது. ஒரு தடவை ஒரு பையனிடம் "ஊரை விட்டு வந்து எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டேன். ஏழு மாசம் என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த புத்தகத்தின் முனையை மடித்து மடித்துப் பிரித்தான். அதற்கப்புறம் நாங்கள் கடவுளைப் பற்றிப் பேசவே இல்லை.

கேட்பது பாதி, சொல்வது பாதி இருக்கட்டும். அவர்கள் ஐந்து நிமிஷம் பேசினால் "இப்ப நான் எப்படி நம்புறேன்னு சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். எங்கள் மதம் இப்படிச் சொல்கிறது என்று ஒரு மதத்துக்கே வக்கீலாக நிற்க வேண்டாம், நாம் யாரும் அதற்குப் படித்தவர்கள் இல்லை, இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம். "எனக்கு இது நிம்மதி தருது, எங்க அம்மாகிட்ட இருந்து வந்தது, இதை விட மனசு வரல" என்று சொந்தக் கதையாகச் சொல்லுங்கள். உங்களுக்கு நிம்மதி கிடைக்கவில்லை என்று யாரும் நிரூபிக்க முடியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடலாம். உங்கள் மதத்தைப் பற்றி அவர்கள் தப்பாக ஏதாவது சொன்னால், கோபப்படாமல் "அது அப்படி இல்லைங்க, நாங்க அதை வேற மாதிரி பார்க்கிறோம்" என்று திருத்துங்கள். கேவலமாகவே பேசினால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள், பத்து நிமிஷம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

நேரம் ஆனதும் நீங்களே முடியுங்கள். அடுத்த சந்திப்புக்கு நாள் கேட்டால், உண்மையிலேயே விருப்பம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். நல்ல பேச்சுக்குப் பிறகுதான் முகதாட்சண்யம் மிக அதிகமாக வேலை செய்யும்.

படி 6: நோட்டீஸ், புத்தகம்

வாங்கினால் சம்மதம் என்று இல்லை, ஆனால் அடுத்த முறை வந்து "படிச்சீங்களா?" என்று கேட்க ஒரு சாக்கு கிடைக்கும். வேண்டாம் என்றால் கையை நீட்டாமல் "நான் படிக்கப் போறதில்லை, படிக்கிறவங்களுக்குக் கொடுங்க" என்று சொல்லுங்கள், காகிதமாவது மிஞ்சும். புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டு நன்கொடை கேட்டால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாங்கிக்கொண்டது பிடிக்கவில்லையென்றால் அவர்கள் போன பிறகு என்ன செய்தாலும் உங்கள் இஷ்டம். கண் முன்னால் கிழிப்பது மட்டும் வேண்டாம், அது ஒருவருக்குப் புனிதமான பொருள்.

படி 7: எல்லை எங்கே

பிரசாரத்துக்கும் வற்புறுத்தலுக்கும் கோடு எங்கே என்பதை ஒரு நீதிமன்றம் நன்றாக யோசித்திருக்கிறது. மினோஸ் கொக்கினாகிஸ் என்ற கிரேக்க நாட்டு யெகோவாவின் சாட்சி, பிரசாரம் செய்ததற்காக வாழ்நாளில் 60 முறைக்கு மேல் கைதானவர். 1986-ல் கிரீட் தீவில் மனைவியோடு ஒரு வீட்டுக்குள் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரர் உள்ளூர் ஆர்த்தடாக்ஸ் சர்ச்சில் பாடகர், அவர் போலீசை அழைத்துவிட்டார். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனது. 1993-ல் வந்த தீர்ப்பு கொக்கினாகிஸ் பக்கம் நின்றது, தன் நம்பிக்கையை எடுத்துச் சொல்வது மத சுதந்திரத்தில் சேரும் என்றது. அதே தீர்ப்பு, முறையற்ற மதமாற்ற முயற்சி என்பது வேறு என்றும் பிரித்துச் சொன்னது: பொருளோ சமூக லாபமோ காட்டி இழுப்பது, கஷ்டத்திலும் தேவையிலும் இருப்பவரை நெருக்குவது, வன்முறை, மூளைச்சலவை.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் வாசலில் நிற்கும் நமக்கு இந்த அளவுகோல் போதும். வேலை, படிப்புச் செலவு, கடன் அடைப்பது என்று மதத்தோடு சேர்த்து ஏதாவது வந்தால், "மாத்திரையை நிறுத்துங்க, ஜெபத்துல சரியாயிடும்" என்று யாராவது சொன்னால், சாவு நடந்த வீட்டில் "இப்ப அவர் எங்க இருக்கார் தெரியுமா?" என்று ஆரம்பித்தால், உங்களுக்குத் தெரியாமல் பிள்ளைகளிடம் பேசினால், முகதாட்சண்யத்தை அந்த நொடியே தூக்கிப் போட்டுவிடுங்கள். இதில் கடைசி இரண்டும் எனக்குப் பொறுக்காது. துக்கத்தில் இருப்பவருக்கு இல்லை என்று சொல்லத் தெம்பு இருக்காது, அந்த நாட்களில் வாசலுக்கு வேறொருவர் போக வேண்டும்.

படி 8: சொல்லியும் திரும்பத் திரும்ப வந்தால்

வேறு ஆட்கள் வருகிறார்களா, அதே ஆட்களா என்று முதலில் பாருங்கள். வேறு ஆட்கள் என்றால் உங்கள் மறுப்பு அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். "இந்த வீட்டை உங்க பட்டியல்ல வர வேண்டாம்னு குறிச்சுக்கோங்க" என்று சொல்லுங்கள். யெகோவாவின் சாட்சிகள் அப்படிக் குறித்துவைப்பது வழக்கம். அதே ஆட்கள்தான் என்றால் அவர்களுடைய சபையை அழைத்துப் பேசுங்கள் அல்லது எழுதிக் கொடுங்கள்.

வாசலில் ஒரு பலகை நிறைய வேலையை மிச்சப்படுத்தும். "மதப் பிரசாரத்துக்கு அழைப்பு மணியை அடிக்க வேண்டாம், நன்றி" என்று தெளிவாக எழுதுங்கள். 'அந்நியர்கள் வரக்கூடாது' என்று பொதுவாக எழுதினால் அது தங்களைச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943-லும் 2002-லும் வாசல் பிரசாரத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தபோதே, வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை வீட்டுக்காரருடையது என்றும் சொன்னது. பிரசாரகருக்குச் சாதகமான தீர்ப்பிலும் பலகையின் மதிப்பு குறையவில்லை.

உங்களைப் பற்றி எழுதிவைக்கும் குறிப்பு உறுத்துகிறது என்றால், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு பிடி உண்டு. ஃபின்லாந்தில் யெகோவாவின் சாட்சிகள் வீடு வீடாக எடுத்த குறிப்புகள் பற்றிய வழக்கில், அவை தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஜூலையில் தீர்ப்பளித்தது. என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று அங்கே கேட்கலாம்.

போகச் சொல்லியும் போகாமல் நிற்பது, மிரட்டுவது எல்லாம் போலீஸ் விஷயம், அங்கே சொல்லுங்கள். நீங்களாக ஆள் சேர்ப்பது, சுற்றி வளைப்பது, வீடியோ எடுத்து முகத்தோடு பரப்புவது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். வாசலில் நின்று பேசியவரை அடித்தால் குற்றவாளி நீங்கள்தான்.

படி 9: வந்தவர் தெரிந்தவராக இருந்தால்

பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்ப்பவர், பிள்ளையின் நண்பனுடைய அம்மா. இது மற்ற எல்லாவற்றையும்விடச் சங்கடம், நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டுமே. உறவையும் விஷயத்தையும் பிரித்து வைத்துச் சொல்லுங்கள்: "அக்கா, நீங்க எப்ப வேணாலும் வீட்டுக்கு வாங்க, மதம் மட்டும் நமக்குள்ள வேண்டாம்." சொல்லிவிட்டு அடுத்த நாள் நீங்களே போய் வேறு எதையாவது பேசுங்கள். முதலில் போய்ப் பேச வேண்டியது மறுத்தவர்தான், இல்லையென்றால் அந்த மறுப்பு அவருக்குக் கோபமாகத் தெரியும்.

படி 10: வீட்டில் எல்லாருக்கும் ஒரே பதில்

மறுத்த கையோடு வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். பிள்ளைகளுக்கு, பெரியவர் இல்லாமல் கதவைத் திறக்கக்கூடாது என்பதும், "அப்பாகிட்ட கேக்கணும்" என்பதும் போதும். வேலைக்கு வருபவர், தங்க வந்த உறவினர் எல்லாருக்கும் பதில் தெரிந்திருக்கட்டும். நான் இதைக் கோட்டை விட்டேன். அந்தப் பெரியவர் நோட்டில் குறித்துக்கொண்டு போன அடுத்த மாதம் வேறு இருவர் வந்திருக்கிறார்கள், நான் வீட்டில் இல்லை. என் அம்மா அவர்களை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசி, வந்தவர்களில் ஒரு பெண்ணுக்கு இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று விசாரித்து, "என் பையன் ஞாயித்துக்கிழமை வீட்டுலதான் இருப்பான், வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.